பெட்டியில் இருக்கும் ஆண்டை நம்பலாமா? கார் மாடல் கிட் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் 1/25 கிட்டை (உண்மைக் காரின் 25இல் ஒரு பங்கு அளவு) இணையக் கடையொன்றில் வாங்கினேன். பெட்டியில் அண்மைய ஆண்டுதான் போட்டிருந்தது. திறந்து பார்த்தால் பாகங்களின் ஓரமெல்லாம் மெல்லிய பிசிறு, கதவுக் கோடுகள் மங்கல், சக்கரங்களை இணைக்க ஒரு இரும்புக் கம்பி. பழைய சாமானைப் புதிது என்று என் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகர், உவர்மலை

பதில்: பெட்டியில் இருப்பது அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டு. உள்ளே இருக்கும் பாகங்களை வார்த்த உருக்கு அச்சு எப்போது வெட்டப்பட்டது என்பதை அது சொல்லாது. இந்தத் தொழிலில் பெருஞ்செலவே அச்சு வெட்டுவதுதான். அதனால் ஒருமுறை வெட்டிய அச்சைப் பல பத்தாண்டுகள் பாவிப்பார்கள், வேறு நிறுவனத்துக்கு விற்பார்கள், புதுப் பெட்டியில் போட்டுத் திரும்பவும் கடைக்கு அனுப்புவார்கள். அமெரிக்க மாடல் கிட் நிறுவனமான ஏ.எம்.டி. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கார் கிட்களை 1958இல் விற்கத் தொடங்கியது. இன்று ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற பெயர்களில் ரவுண்ட் 2 நிறுவனம் வெளியிடுபவற்றில் பல, 1960களிலும் 70களிலும் வெட்டிய அச்சுகளிலிருந்து வருபவை. பெட்டிப் படத்தைக்கூடப் பழைய மாதிரியே போடுகிறார்கள். அதை விரும்பித் தேடி வாங்குபவர்கள் நிறைய.

எனவே பழைய அச்சு என்பது மட்டும் ஏமாற்று ஆகாது. விற்றவர் தன் விளம்பரத்தில் "புதிய அச்சு" என்று எழுதியிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த முறை வாங்குமுன் ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத்தளத்தில் கிட்டின் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். அந்த அச்சு முதலில் எந்த ஆண்டில், யாருடைய பெட்டியில் வந்தது, பிறகு எத்தனை பெட்டி மாறியது என்று வரிசையாகக் காட்டும். அதோடு, பெட்டிப் படத்தை விட்டுவிட்டு, பாகங்கள் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். எஞ்சினின் நடுவால் இரும்புக் கம்பி போக ஒரு துளை, புகைக்குழாயும் ஸ்பிரிங்கும் அடித்தட்டோடு ஒரே தகடாக வார்ப்பு: இரண்டும் பழைய அச்சின் அடையாளங்கள். நீங்கள் கண்ட பிசிறு, தேய்ந்த அச்சின் இரு பாதிகளும் இறுக்கமாகப் பொருந்தாத இடத்தில் உருகிய பிளாஸ்டிக் கசிந்து உறைந்தது. கத்தி முனையால் சுரண்டினால் போய்விடும். மங்கிய கதவுக் கோட்டைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் கூரான கத்தியின் பின்புறத்தால் மெதுவாக ஆழப்படுத்துங்கள். அடித்த பிறகு செய்ய முடியாது.

உங்கள் கிட்டைத் தூக்கி எறியவேண்டாம். அந்தக் கால அமெரிக்கக் கார்களில் பலவற்றுக்கு வேறு அச்சே கிடையாது. ஆனால் அதுதான் உங்கள் முதல் கிட் என்றால் ஒரு பக்கம் வைத்துவிட்டு, புதிய அச்சில் வந்த ஒன்றை முதலில் கட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கார்ப் பைத்தியம். எஞ்சின் எல்லாம் உள்ள பெரிய கிட் வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. பசையே தேவைப்படாத, அழுத்திப் பொருத்தும் கிட் வாங்குங்கள். ஜப்பானின் அவோஷிமா 1/32 அளவில் இப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறது. பிளாஸ்டிக்கே காரின் நிறத்தில் வரும், பெயின்ட் தேவையில்லை. நம் றோட்டில் ஓடும் சுசுகி ஜிம்னி அதில் இருப்பது பிள்ளைக்குப் பிடிக்கும். எயார்ஃபிக்ஸின் குவிக்பில்ட் வரிசை இன்னும் இலகு. அவோஷிமா கிட்டில் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்ட வீட்டு நகம்வெட்டியே போதும்.

பெரிய கிட்டுக்கு ஆசைப்படும் எல்லோரும் கிட்டின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். 1/24 கார் ஒன்றை ஒழுங்காக முடிக்கப் பிரைமர், உடல் நிறம், மேல்பூச்சு என்று மூன்று ஸ்பிரே டின், உள்பாகங்களுக்குக் கறுப்பும் வெள்ளியும், பசை, கத்தி, சாண்ட்பேப்பர் எல்லாம் வேண்டும். இவற்றின் விலை சில வேளை கிட்டின் விலையையே தாண்டும். கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் கை வைக்கவேண்டும்.

கேள்வி: ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் ஸ்பிரே பெயின்ட் கேட்டால் வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்ப மறுக்கிறார். மத்திய வீதியில் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ஸ்பிரேயை அடிக்கலாமா? போன மாரியில் அடித்தபோது மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிட்டது.
– வாசகர், பாலையூற்று

பதில்: அனுப்ப மறுப்பதில் அவர் பிழை இல்லை. அழுத்த டின்களும் தீப்பற்றும் திரவங்களும் சர்வதேசத் தபாலில் தடை. "எப்படியாவது அனுப்புகிறேன்" என்று சொல்பவரிடம் காசு கட்டாதீர்கள். பொதி வழியில் நின்றால் இழப்பு உங்களுக்குத்தான். இலங்கைக்குள் இருக்கும் விற்பனையாளரிடம் டின் இருந்தால் தரைவழியாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது டின்னின் இலக்கத்தைப் பாருங்கள். டமியாவில் டி.எஸ். என்று தொடங்குவது மாடல் கிட்டுக்கு உரியது. பி.எஸ். என்று தொடங்குவது ரிமோட் காரின் பொலிகாபனேற் கூடுக்கு உரியது. உங்கள் கிட்டுக்கு அது ஆகாது. டின் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

ஹாட்வெயார் ஸ்பிரே உலோகத்துக்கும் மரத்துக்கும் செய்தது. அதிலுள்ள கரைப்பான் கிட்டின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீனைத் தின்னும், மேற்பரப்பு வெடித்துச் சொரசொரப்பாகும். எல்லா டின்னும் அப்படிச் செய்யாது. பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தில் அடித்து ஒரு நாள் காய விட்டுப் பாருங்கள். மாடலுக்கென்றே உள்ள பிரைமரை முதலில் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடித்தால் ஆபத்துக் குறையும். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த கார் உடலுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிக்கப் போகிறீர்கள் என்றால் இடையில் ஒரு வெள்ளிப் பூச்சு கட்டாயம். இல்லாவிட்டால் சிவப்பு ஊறி மேலே வந்து எல்லாம் இளஞ்சிவப்பாகும்.

வெண்மை பூப்பதற்குக் காரணம் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம் திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் வெட்டுதல், தேய்த்தல், உள்பாகங்களுக்குத் தூரிகையால் பூசுதல் என்று வைத்துக்கொண்டு, உடல் நிறத்தைத் தள்ளிப்போடுங்கள். பொறுக்க முடியாவிட்டால் வெயில் ஏறிய முற்பகலில், மழை விட்டு ஓய்ந்த நாளில் அடியுங்கள். பூத்ததைச் சரிசெய்யவும் வழி உண்டு: வரண்ட நாளில் மெல்லிய மேல்பூச்சு ஒன்றை அடித்தால் அடியிலுள்ளது கொஞ்சம் இளகி, ஈரம் வெளியேறித் தெளியும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொல்லை தலைகீழ். காற்று வரண்டு சுடுவதால் துளிகள் உடலில் படுமுன்னரே பாதி காய்ந்து தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாகும். மணலும் ஒட்டும். விடியற்காலையில், காற்று எழுமுன், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். அறைக்குள் அடிப்பதென்றால் சன்னல் திறந்திருக்கவேண்டும், முகமூடி வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

பசைக்கும் இதே எச்சரிக்கை. சூப்பர் குளூவின் ஆவி கார்க் கண்ணாடியை மங்கலாக்கிவிடும். கண்ணாடிக்கு வெள்ளைப் பைண்டர் கம் போதும், காய்ந்தபின் தெளிவாகவே இருக்கும். பி.வி.சி. குழாய்க்குப் பூசும் கம் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: நான் கட்டிய வொக்ஸ்வாகன் பீட்டிலைப் பார்த்து நண்பர் ஒருவர் "கூரை தாழ்வு, முகம் வீங்கியிருக்கிறது, மட்டமான கிட்" என்கிறார். இனி அந்த நிறுவனத்தின் கிட் வாங்கவேண்டாமா? குறை கிட்டிலா, என் கையிலா என்று எப்படி அறிவது?
– மாணவர், திருக்கடலூர்

பதில்: தம்பி, நண்பர் நேரில் பார்த்தாரா, போனில் எடுத்த படத்தைப் பார்த்தாரா? போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் படமெடுத்தால் எந்தக் காரின் முகமும் வீங்கித்தான் தெரியும். இரண்டு மீற்றர் தள்ளி நின்று, பெரிதாக்கி, பம்பர் உயரத்தில் எடுத்துப் பாருங்கள். பாதிக் குற்றச்சாட்டு அங்கேயே போய்விடும்.

மீதிக்கு அடிமட்டம் எடுங்கள். பீட்டிலின் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உண்மைக் காரில் 2,400 மில்லிமீற்றர். 1/24 கிட்டில் அது சரியாக 100 மில்லிமீற்றர் வரவேண்டும். மினியின் பழைய மாதிரிக்கு 2,036. கிட்டில் ஏறக்குறைய 85. எந்தக் காரானாலும் உண்மை அளவை 24ஆல் வகுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கண் காணாது. கூரையில் மூன்று மில்லிமீற்றர் குறைந்தால் உண்மைக் காரில் அது ஏழு சென்ரிமீற்றருக்கு மேல், யாருக்கும் தெரியும். அப்படி இருந்தால் அது அச்சின் பிழை, தாராளமாகக் குறை சொல்லுங்கள். ஆனால் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துவிட்டுக் கூரையைப் பழிக்காதீர்கள். சக்கரங்கள் ஏறியோ இறங்கியோ பொருந்தியிருந்தாலும் அந்த அளவு மாறும். காரைக் கண்ணாடித் தட்டில் வையுங்கள். நான்கு சக்கரமும் தொடுகிறதா? ஒன்று எம்பி நிற்கிறது என்றால் அடித்தட்டில் பசை காயுமுன் எடுத்துவிட்டீர்கள், அல்லது தட்டே கோணலாக வந்திருக்கிறது. எது என்று இப்போது சொல்ல முடியாது. இதனால்தான் பசை தொடுமுன் எல்லாப் பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பார்த்து, படமெடுத்து வைக்கவேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் இடைவெளி இருந்தால் கிட்டின் குறை. பெயின்ட் அடித்தபின் வந்த இடைவெளி பெயின்டின் தடிப்பால் வந்தது.

தடித்த பகுதிகளில் மேற்பரப்பு குழிந்திருப்பது, கண்ணாடி அதன் சட்டத்தில் உட்காராதது, உடலின் குறுக்கே ஓடும் அச்சுக்கோடு இவை தயாரிப்பாளரின் கணக்கு. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கருக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்குவது, பசைக் கறை, நிறம் வழிந்தது இவை உங்கள் கணக்கு. ஸ்டிக்கர் மினுங்குவது இலகுவில் தீரும்: பளபளப்பான மேல்பூச்சுக்கு மேல் ஒட்டினால் அடியில் காற்று நிற்காது.

எந்தக் காலத்துக் கிட் என்பதும் விமர்சனத்தில் இருக்கவேண்டும். 1970களின் ஜப்பானியக் கிட்கள் பலவற்றில் மோட்டாரும் பற்றரியும் போட இடம் விட்டிருப்பார்கள். அதற்காக அடித்தட்டு எளிமையாகவும், சிலவற்றில் உடல் அகலமாகவும் இருக்கும். அதே காலத்தில் டமியா தன் போர்ஷே 934 கிட்டுக்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தது. அதே நிறுவனத்தின், 1966ஆம் ஆண்டு பீட்டில் காரைப் பார்த்துச் செய்த கிட், விளையாட்டுச் சாமானாக ஓடவேண்டிய தேவை இல்லாமல் 1/24இல் செய்தது. என் பார்வையில் முதல் பீட்டில் கட்டுபவருக்கு இன்றும் நல்ல தெரிவு. ஒரு கிட்டை வைத்து ஒரு நிறுவனத்தையே ஒதுக்காதீர்கள். அச்சுக்கு அச்சுத் தரம் வேறு.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மச்சான் முப்பது வருடமாகப் பெட்டியில் கிடந்த கிட் ஒன்றைக் கொண்டு வந்தார். பாதிக் காசுக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மட்டிக்களி

பதில்: பெட்டியைத் திறந்து டயரை முதலில் பாருங்கள். அந்தக் கால மென்மையான வினைல் டயர்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல உருக்கும். சக்கரத்திலோ கண்ணாடியிலோ டயரின் தடம் பதிந்திருந்தால் விலையை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். நம் வெக்கையில் அது வேகமாக நடக்கும் என்பதால், வாங்கினால் அன்றே டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். மஞ்சளித்த ஸ்டிக்கர் தாளைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படச் சில நாள் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். தண்ணீரில் போடுமுன் தெளிந்த மேல்பூச்சு ஒன்று அடித்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் துண்டு துண்டாகும்.

கேள்வி: கொழும்புக் கடையொன்று கூரியரில் அனுப்பிய கிட்டில் முன்கண்ணாடி இல்லை. "திறந்த பெட்டியை எடுக்கமாட்டோம்" என்கிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

பதில்: திறக்காமல் கண்ணாடி இல்லை என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பதில் நிற்காது. பாகங்களின் பட்டியல் விளக்கத்தாளில் இருக்கும். அதில் முன்கண்ணாடியின் இலக்கத்தைக் குறித்து, சட்டங்களின் படத்தோடு கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாற்றிக் கொடு அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று ஒரு திகதி போட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டு தராவிட்டால் அதையும் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் அவர்கள் கொடுத்தாகவேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாடு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். இதற்கிடையில் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுதிப் பாருங்கள். டமியா, ரெவெல் போன்றவை தனிப் பாகம் அனுப்பும் சேவை வைத்திருக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியதென்றால் 1977ஐ நம்பியிருக்கவேண்டாம். வாங்கிய தளத்தில் முறைப்பாடு செய்யும் காலம் முடியுமுன் அங்கே பதியுங்கள், பொதியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவையும் சேர்த்து.