கடனும் முடிந்தது, வீடும் முடிந்தது. மனம் மட்டும் ஏன் எழும்பவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் இருக்கிறேன். கணவர் ஏழு வருடமாகக் கட்டாரில். ஈடு வைத்த நகை எல்லாம் மீட்டாயிற்று, நுண்கடனும் அடைத்தாயிற்று, வீடும் பூசி முடிந்தது. ஆனால் மூன்று மாதமாக எதிலும் விருப்பமில்லை. இரவு 11 மணிக்குக் கணவரோடு கதைத்துவிட்டுப் படுத்தால் 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும், பிறகு நித்திரை இல்லை. மேல் நோவு, அலுப்பு. சீனி வருத்தத்துக்கு ஆறு வருடமாக மெட்ஃபோர்மின், ஒரு வருடமாகக் கிளிக்லசைட்டும் சேர்த்து எடுக்கிறேன். "இவ்வளவு காசு வந்தும் முகத்தில் சிரிப்பில்லை" என்று சொந்தக்காரர் பேசுகிறார்கள். மாமி செய்வினை என்கிறா. இது வருத்தமா, அல்லது எனக்குத்தான் நன்றி இல்லையா?

பதில்: சகோதரி, நன்றியை எடைபோட என்னிடம் கருவி இல்லை. ஆனால் மூன்று மாதம் விருப்பமின்மை, விடியற்காலை முழிப்பு, அலுப்பு, மேல் நோவு என்ற நான்கும் ஒன்றாக வந்தால் அது வருத்தம் என்று எண்ணித்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் காசைப் பற்றி. "காசில் என்ன இருக்கிறது" என்று கடன்பட்டவரைப் பார்த்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013 இல் வெளியானது. கை வறண்டிருந்த காலத்தில் அதே ஆட்களின் யோசிக்கும் திறனும் கவனமும் குறைந்திருந்தன. அறுவடைக் காசு வந்ததும் ஏறின. பெரும்போகத்துக்கு நகையை ஈடு வைத்து விதைத்துவிட்டு, களவெட்டியில் நெல் குவியும்வரை கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் வேளாண்மைக்காரருக்கு இதை ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன் தீர்ந்தபோது உங்களுக்கு வந்த நிம்மதி உண்மையானது.

அதற்கு மேல் வரும் காசு என்ன செய்யும்? அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டொலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை அதற்கு மேல் உயர்வதில்லை என்று டானியல் கானமன், அங்கஸ் டீட்டன் என்ற ஆய்வாளர்கள் 2010 இல் எழுதினார்கள். 2021 இல் மத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற இன்னோர் ஆய்வாளர், அப்படி ஒரு எல்லை தென்படவில்லை, உயர்ந்துகொண்டே போகிறது என்றார். கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் பார்பரா மெல்லர்ஸோடு சேர்ந்து தரவுகளைத் திரும்பப் பார்த்து 2023 இல் சொன்னது இது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு சந்தோஷமும் கூடுகிறது. ஆனால் சந்தோஷம் மிகக் குறைந்த ஐந்திலொரு பங்கினருக்கு மட்டும் சுமார் 100,000 டொலர்வரை கூடிவிட்டு நின்றுவிடுகிறது. அவர்களிடம் மிஞ்சியிருப்பது இழப்பு, பிரிவு, மனச்சோர்வு போன்ற, காசுக்கு அசையாத துன்பம் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். டொலர்த் தொகையை ரூபாயாக்கிப் பார்க்காதீர்கள். அது அந்த நாட்டு வாழ்க்கைக்குரியது. கூடும் அளவும் இரட்டிப்புக் கணக்கில்தான் போகிறது. மாதம் 40,000 ரூபாய் உழைப்பவருக்கு இன்னொரு 40,000 தரும் ஆறுதலை, நான்கு லட்சம் உழைப்பவருக்கு இன்னொரு நான்கு லட்சம்தான் தரும்.

ஆகவே காசுப் பிரச்சினை தீர்ந்த பிறகும் மனம் எழும்பவில்லை என்றால் காரணத்தைக் காசுக்குள் தேடிப் பயனில்லை. உடம்பிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மெட்ஃபோர்மின். பல வருடம் எடுப்பவர்களுக்கு, அதுவும் கூடிய அளவில் எடுத்தால், குடலில் விட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அலுப்பு, கால் விறைப்பு, மறதி, மனச்சோர்வு எல்லாம் அதனால் வரலாம். இரத்தத்தில் பி12 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசியோ குளிசையோ தேவை. மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்தது தைரொயிட்: டி.எஸ்.எச். என்ற இரத்தச் சோதனை அளவு கூடியிருந்தால் அலுப்பும் மேல் நோவும் மந்தமும் வரும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 44 வயதில் மாதவிடாய் கூடிக் குறைந்து வருகிறதா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். இவற்றோடு மூன்று மாதச் சீனி அளவான எச்.பி.ஏ.1.சி.யும் பாருங்கள். ஒரே தடவை இரத்தம் கொடுத்து இத்தனையும் செய்யலாம்.

3 மணி முழிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கிளிக்லசைட் எடுப்பவர் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் நடுச்சாமத்தில் சீனி இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்போடு எழும்புகிறீர்களா? குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரமே பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்த்து, பிறகு இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். மறுநாளே கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். மனம் விருப்பமிழந்ததால் சாப்பாடு குறைந்து, அதனால் சீனி இறங்குவதும் நடக்கும். ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்றாகாது.

இப்போது மனச்சோர்வு. இரண்டு கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். கடந்த இரண்டு வாரத்தில், செய்யும் காரியங்களில் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? மனம் சோர்ந்து, கவலையோடு, நம்பிக்கையற்று எத்தனை நாள்? ஒரு நாளும் இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறத்தாழ எல்லா நாளும் என்றால் 3. இரண்டும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதைத் தாண்டும் என்றே நினைக்கிறேன்.

டொக்டர் மருந்து எழுதினால், வழக்கமாகக் காலையில் ஃப்ளூஒக்செட்டின் 20 மில்லிகிராம் போன்ற ஒன்றாக இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் ஓங்காளம், தலையிடி, ஒரு வகைப் பதற்றம் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுசாகத் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: பத்தாம் நாள் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார்கள், அல்லது சுகமானதும் நிறுத்துவார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டொக்டர் சொல்லும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வருத்தம் திரும்பும். இந்த மருந்து சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடியது என்பதால் தொடங்கிய மாதம் சீனியை அடிக்கடி பாருங்கள். அயலவர் தரும் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். சில வாரத்திலேயே அது இல்லாமல் நித்திரை வராத நிலை வந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியதில் கடினமானது ஒன்று உண்டு. விருப்பம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் இந்த வருத்தத்தில் விருப்பம் வராது. செய்த பிறகுதான் கொஞ்சமாக வரும். காலை 6 மணிக்கு வெயில் ஏறமுன் 20 நிமிட நடை, வாரம் இரண்டு நாள் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போவது என்று நேரம் குறித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுங்கள். 3 இருந்த இடத்தில் 4 வந்தாலே போதும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம்.

தொலைபேசியையும் கவனியுங்கள். கட்டார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலை முடித்து 8.30க்கு எடுக்கும் அழைப்பு உங்களுக்கு இரவு 11 மணி, அதிலும் பெரும்பாலும் காசுக் கதை. கணக்கு வழக்கை அவருடைய வெள்ளிக்கிழமை லீவுக்கு ஒதுக்குங்கள். மற்ற நாள் இரவு பத்து நிமிடம் சுகம் விசாரித்தால் போதும். கைமாற்றுக் கேட்டு வருபவர்களுக்கும் மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முடிவு செய்து, அதைக் கடனாக இல்லாமல் கொடையாகக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பது மனதுக்கு நல்லது. திரும்ப வருமா என்று எண்ணிக்கொண்டு படுப்பதுதான் நித்திரையைக் கெடுக்கிறது.

மாமி சொல்வதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போவது நல்லதுதான், நாலு பேரையும் காணலாம். மந்திரித்த தண்ணியைக் காட்டிக் குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

சாக வேண்டும், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக் கூடாது. வீட்டில் வயலுக்கு வாங்கிய கிருமிநாசினி இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், குளிசைகளை வேறொருவர் பொறுப்பில் கொடுங்கள். 1926 தேசிய மனநல இலக்கம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். இரண்டுக்கும் காசு இல்லை.

உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். ஊரில் யாரும் கண்டுவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் வழமையான சீனிக் கிளினிக் டொக்டரிடமே தொடங்குங்கள், அவர் கடிதம் தருவார். போகும்போது கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கும் குளிசை அட்டைகள், மேலே சொன்ன புள்ளி எழுதிய தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் மேல் நோவில் தொடங்காமல் நித்திரையிலும் விருப்பமின்மையிலும் தொடங்குங்கள். மேல் நோவு என்றால் பெரும்பாலும் பரசிற்றமோல் எழுதி அனுப்பிவிடுவார்கள்.