செத்த பாம்பும் ஃபார்மலினும்

கேள்வி: பாபநாசம் மலைச்சாலையில் வண்டி ஏறிச் செத்த பாம்பை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: நீங்களாக எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்த உடலும் அரசுச் சொத்து. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தேதி, இடத்தின் ஜி.பி.எஸ். குறியீட்டோடு வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள்.

அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் முதலில் டி.என்.ஏ. ஆய்வுக்காக ஈரல் துண்டை 95 சதவீத ஆல்கஹாலில் எடுத்துவைப்பார்கள். ஃபார்மலின் பட்டால் டி.என்.ஏ. சிதையும். பிறகு உடலைப் பதப்படுத்த, கடையில் விற்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலப்பார்கள். இதை வயிற்றுக்குள் ஊசியால் ஏற்றாவிட்டால் வெளியே விறைத்து உள்ளே அழுகும். ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். ஃபார்மலினிலேயே கிடந்தால் அமிலமேறி எலும்பு கரையும். பள்ளி ஆய்வகப் பாட்டில்களின் கதி பெரும்பாலும் அதுதான்!

இடம், தேதி குறித்த சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுவார்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடமும் தேதியும் இல்லாத பாம்பு ஆய்வுக்கு ஆகாது.