கேட்டால் சொல்கிறேன்: கழிப்பறைக் கதவில் கவுன்

கேள்வி: மதுரை பஸ் நிலையத்தில் சேலையும் சுடிதாருமாக வரிசையில் நிற்கிறோம். கழிப்பறைக் கதவில் மட்டும் கவுன் போட்ட பொம்மை எதற்கு?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அது அமெரிக்காவில் தைத்த கவுன், தாயே. பல மொழிக்காரர்கள் வந்து இறங்கும் விமான நிலையத்தில் எழுத்து எத்தனை பேருக்கு உதவும்? அதனால் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, அமெரிக்க வரைகலைக் கழகத்திடம் படக்குறிகள் கேட்டது. ஒலிம்பிக் போட்டிகளிலும் பல நாட்டு விமான நிலையங்களிலும் இருந்த குறிகளையெல்லாம் திரட்டி அலசினார்கள். ரோஜர் குக், டான் ஷனோஸ்கி இருவரின் நிறுவனம் வரைந்து கொடுக்க, 1974இல் 34 குறிகள் வெளியாயின. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டார்கள். பிறகென்ன, உசிலம்பட்டி வரை வந்துவிட்டது.

இந்தப் பொம்மைக்குப் பாட்டன் உண்டு. வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் என்பவர் புள்ளிவிவரங்களைப் பாமரருக்கும் புரியும்படி படமாக்கினார். அவருக்காக கெர்ட் ஆர்ன்ட்ஸ் வரைந்த நிழல் மனிதர்களின் வம்சம்தான் இது.

தூரத்திலிருந்து பார்த்தால் கால் பிரிந்திருப்பது ஆண், கீழே விரிந்திருப்பது பெண். அவ்வளவுதான் கணக்கு. இதே கணக்கில் வேட்டி கட்டிய உங்கள் மாமாவை நிழலாக வரைந்து பாருங்கள், பெண்கள் கதவில்தான் ஒட்ட வேண்டியிருக்கும்! நம் ஊர்ப் பெயின்டர்கள் கால் பக்கமே போகவில்லை, முகத்தை வரைந்தார்கள். ஆணுக்கு முறுக்கு மீசை, வகிடெடுத்த தலை. பெண்ணுக்குச் சிவப்புப் பொட்டு, மூக்குத்தி, கொண்டையில் மல்லிகைச் சரம். மழையில் பெயின்ட் உரிந்து மூக்குத்தி போனாலும் பொட்டு நிற்கும். என் ஓட்டு அந்தத் தகரப் பலகைக்கே.

கேள்வி: பை-பாஸ் ரோட்டில் ஓர் உணவகத்தில் கழிப்பறைக் கதவு இரண்டிலும் மயில். அப்பா திகைத்து நின்றுவிட்டார்.
- வாசகர், திருமங்கலம்

பதில்: தோகை உள்ளது ஆண். அவசரமாக வருகிறவருக்குப் பறவையியல் தேர்வு வைப்பது பாவம். போலந்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். ஆனால் அங்கே அது ஊரறிந்த குறி. இங்கே மயிலை யார் சொல்லித் தந்தார்கள்? அடுத்த முறை போனால், மயிலுக்குக் கீழே 'ஆண்கள்', 'பெண்கள்' என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மயில் கோபித்துக்கொள்ளாது.