யாருடைய இழப்புக்கு ஈடு?

அன்புள்ள ஐயா,

போர் ஈட்டுத்தொகை பற்றிய உங்கள் கட்டுரையில், 1871 தோல்விக்குப் பின் பிரான்ஸ் ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் கட்டியதைச் சொல்லிவிட்டு, ‘தோற்றவர் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். ஹைட்டி பிரான்ஸை வென்றுதானே விடுதலை பெற்றது? அது ஏன் பிரான்ஸுக்குப் பணம் கட்டியது? அப்போதைய ஹைட்டி அதிபர் புவாயே பயந்து நாட்டை அடகு வைத்துவிட்டார் என்கிறார் என் நண்பர். சரிதானா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

நீங்கள் பிடித்தது சரி. ஹைட்டியை நினைக்காமல் அந்த வரியை எழுதிவிட்டேன். திருத்திவிடுகிறேன்.

நண்பரின் கேள்விக்கு வருமுன், பணம் கேட்ட அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். 1825 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் கையெழுத்திட்டது. மூன்றே பிரிவுகள். முதலாவது, துறைமுகங்களை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறக்க வேண்டும். பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மட்டும் பாதிச் சுங்கம். இரண்டாவது, பழைய குடியேற்றக்காரர்களின் இழப்பை ஈடுகட்ட 15 கோடி பிராங்கை ஐந்து சம தவணைகளில் கட்ட வேண்டும். முதல் தவணைக்குக் கெடு அந்த ஆண்டு டிசம்பர் 31. மூன்றாவது, இந்த நிபந்தனைகளின் பேரில் சுதந்திரம் ‘அளிக்கிறோம்’.

யாருக்கு அளிக்கிறார்கள்? ‘சான்-தொமாங்கின் பிரெஞ்சுப் பகுதியில் இப்போது குடியிருப்பவர்களுக்கு.’ அடிமைகளை வைத்துத் தோட்டங்கள் நடத்திய பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஹைட்டிக்கு இருந்த பெயர் அது. 1804 முதல் தனி நாடாக இருந்த ஹைட்டியின் பெயர் அதில் கிடையாது. உடன்படிக்கை என்றால் இரண்டு தரப்பு வேண்டும். இது ஒரு மன்னர் தன் குடிகளுக்குப் போடும் அரசாணை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. தொகையை விட அந்த ‘இப்போது குடியிருப்பவர்கள்’ என்ற சொல்தான் அதிகம் சுடுகிறது.

அரசாணையைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரோன் மக்கோ. ஜூலையில் ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கடலில் ஒரு கப்பற்படை; மொத்தம் 14 போர்க்கப்பல்கள், 500க்கும் மேல் பீரங்கிகள். பேச்சுக்கு உட்கார்ந்த ஹைட்டியின் பிரதிநிதிகள் இதை ஏற்க முடியாது என்றார்கள். பிறகு மக்கோ புவாயேயை நேரில் சந்தித்தார். புவாயே ஒப்புக்கொண்டார். ஜூலை 11 அன்று செனட்டும் ஏற்றுக்கொண்டது.

15 கோடி எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஓர் அளவுகோல்: 1803இல் மிசிசிப்பிக்கு மேற்கே ராக்கி மலை வரை விரிந்த லூசியானாவை அமெரிக்கா வாங்கிய விலை 8 கோடி பிராங்க்.

முதல் தவணையான 3 கோடிக்கே ஹைட்டியிடம் காசில்லை. பாரிஸிலேயே கடன் வாங்கியது. கடன் பத்திரம் 3 கோடிக்கு. கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். மீதி வங்கிக்காரர்களிடம் நின்றது, ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் ஓடியது. பிரான்ஸுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிரான்ஸிலேயே வட்டிக்கு வாங்க வேண்டியிருந்ததால்தான் வரலாற்றாசிரியர்கள் இதை இரட்டைக் கடன் என்கிறார்கள். 1871இன் பிரான்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது 1872இல் 300 கோடிக்குக் கடன் கேட்டபோது, கேட்டதைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் தர ஆட்கள் முன்வந்தார்கள். கெடுவுக்கு முன்பே, 1873 செப்டம்பரில் அத்தனையையும் கட்டி முடித்தது. ஜெர்மன் படை வெளியேறியது. ஹைட்டிமீது அந்த நம்பிக்கையை யார் வைத்தார்கள்?

அடுத்த தவணை தவறியது. இழுபறிக்குப் பின் 1838இல் பிரான்ஸ் தூதர்களை அனுப்பியது. இந்த முறை இரண்டு தனித்தனி உடன்படிக்கைகள். ஒன்றில் ஹைட்டி குடியரசுக்கு நிபந்தனையில்லாத அங்கீகாரம். மற்றதில் பணம்: பாக்கி 6 கோடியாகக் குறைக்கப்பட்டு, 30 ஆண்டுத் தவணை. சுதந்திரத்தையும் விலையையும் ஒரே தாளிலிருந்து பிரிக்க 13 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ராஜதந்திர வேலை என்று நான் மதிப்பது இதைத்தான். தொகை குறைந்தது கூட எனக்கு இரண்டாம்பட்சம்.

கடனை அடைக்கக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன் என்று அதன் வால் 1947 வரை நீண்டது. 2025 ஏப்ரல் 17 அன்று, அரசாணையின் இருநூறாம் ஆண்டு நாளில், இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

இனி உங்கள் நண்பருக்கு. ஈட்டுத்தொகை என்ற யோசனையே புவாயேயிடமிருந்து தொடங்கவில்லை. அவருக்கு முன் அதிபராக இருந்த பெத்தியோன் 1814இலேயே அதைப் பேச்சில் வைத்தார். அங்கீகாரம் இல்லாத நாடு, எந்தக் காலையிலும் பிரெஞ்சுப் படை வந்து இறங்கலாம் என்ற நிலை. பணம் கொடுத்தாவது அந்தப் பயத்தை முடித்துவிட நினைத்ததை என்னால் கோழைத்தனம் என்று சொல்ல முடியவில்லை. புவாயேமீது எனக்குள்ள கோபம் வேறு. 1826இல் இந்தத் தொகையைத் தேசியக் கடனாக அறிவித்த அதே ஆண்டில், கிராமச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உழவர்கள் அனுமதியில்லாமல் நிலத்தை விட்டு நகரக்கூடாது. தோட்டங்களில் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும். பழைய தோட்டக்காரர்கள் பாரிஸில் கணக்குக் காட்டிய ‘இழந்த சொத்தில்’ அடிமைகளும் அடக்கம். அப்படி விலை போடப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான், அந்த விலையைக் கட்டுவதற்காக மறுபடி தோட்டங்களில் காப்பி பறித்தார்கள்.