டம்மி டக் அறுவை சிகிச்சை செய்தால் தொப்பை போய்விடுமா?

இரண்டு பிள்ளை பெற்ற பிறகு வயிறு இறங்கவே இல்லை, டம்மி டக் செய்தால் தொப்பை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, செய்துகொண்டவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சின்னவனுக்கு நாலு வயது இருக்கும்போது குடியாத்தம் பஸ்ஸில் ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்து, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டது. வேலூர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

சோம்பேறித்தனம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: கோட்டை மைதானத்தில் ஒரு வருஷம் விடியற்காலையில் நடந்தேன். ஒன்பது கிலோ இறங்கியது. வயிறு மட்டும் அப்படியே நின்றது. டாக்டர் மல்லாந்து படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். நடுவயிறு கூரை முகடு மாதிரி எழும்பியது. தொப்புளுக்கு மேல் அவருடைய மூன்று விரல் உள்ளே போனது. "கர்ப்பத்துல தசை ரெண்டா விலகிடுச்சும்மா, நடந்தா இது சேராது" என்றார். சிலருக்குப் பிசியோதெரபி பயிற்சியிலேயே சரியாகுமாம். மூன்று மாதம் செய்தும் எனக்கு ஆகவில்லை.

அப்புறம்தான் டம்மி டக் செய்துகொண்டேன். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை கீறி, தொங்கும் தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் எடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைத்தார்கள். தொப்புளுக்குக் கீழே இருந்த பிரசவக் கோடுகள் அந்தத் தோலோடு போயின, மேலே உள்ளவை இருக்கின்றன. எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை. உடம்பு இளைக்க இது வழியே இல்லை.

என்னைப் பார்த்து அண்ணனும் கிளம்பி வந்தார். அவர் வயிறு பானை மாதிரி கெட்டியாக இருக்கும். டாக்டர் கிள்ளிப் பார்த்துவிட்டு, "கையில பிடிபடறதைத்தான் நான் எடுக்க முடியும். உங்களுக்குக் கொழுப்பு உள்ளே, குடலைச் சுத்தி இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது சாப்பாட்டைக் குறைத்து நடந்தால்தான் கரையும். சர்க்கரை நோய்க்கு வழிவிடுவதும் அந்தக் கொழுப்புதான்.

இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் இப்போது செய்யாதீர்கள், தைத்த தசை மறுபடி விலகலாம். எடையும் ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும்.

பணக்கொழுப்பு என்று என் நாத்தனாரே சொன்னார். வளையலை அடகு வைத்துச் செய்தேன். அழகுக்காகச் செய்வது என்று சொல்லி இன்சூரன்ஸில் ஒரு பைசா தரவில்லை. லீவு கேட்கக்கூடாது என்றே மே மாதத்தில் செய்தேன். வேலூர் கத்திரி வெயிலில் இறுக்கிய பெல்ட்டோடு ஆறு வாரம், முதுகெல்லாம் வேர்க்குரு. முதல் பத்து நாள் நாற்று நடுகிறவள் மாதிரி குனிந்தே நடந்தேன், நீர் வடிய இரண்டு பக்கமும் டியூப் தொங்கியது. அந்தக் கோலத்தில், கோடைப் பயிற்சிக்கு வரவில்லை என்று நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் அரை மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன் அங்கே. கூட வேலை பார்க்கும் ஒரு சாருக்குக் கால் முறிந்தபோது முழுச் சம்பளம் கொடுத்தவர்கள்தான்.

தொப்புளுக்குக் கீழே இன்னும் உணர்ச்சி முழுசாக வரவில்லை. புடவைக் கொசுவத்துக்கு ஊக்கு குத்தும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் குத்துகிறேன்.