பீட்சா இருக்கட்டும், ஆஃப் டியூட்டியை எப்போது ஒட்டுகிறீர்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு பொறுப்பில் இருக்கிறேன். ஊழியர்கள் வேலையில் எவ்வளவு மனம் ஒன்றியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஈடுபாட்டுக் கணிப்பில் எங்கள் வார்டுக்குத்தான் கடைசி இடம். "ஏதாவது செய்" என்கிறது நிர்வாகம். எங்கிருந்து தொடங்குவது?

முப்பது படுக்கை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பாதிப் பேர் ஜூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்தும் க்வாமாஷுவிலிருந்தும் டாக்ஸி (பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ்) பிடித்து வருகிறவர்கள், மீதிப் பேர் நம் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் வார்டு வேறு மாதிரி என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மே 12 நர்ஸ்கள் தினத்துக்குக் கேக், பீட்சா என்று நிர்வாகம் ஆரம்பிக்கும். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு வெட்டிய கேக்கில் இரவு ஷிஃப்டுக்கு மிஞ்சுவது அட்டைப்பெட்டி. வாங்கினால் இரவுக்கென்று தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் வாங்காமலே இருங்கள்.

ஈடுபாடு கெடும் முதல் இடம் ஆஃப் டியூட்டி, அதாவது யாருக்கு எந்த நாள் வேலை, எந்த நாள் ஓய்வு என்ற பட்டியல். அடுத்த வாரப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலைதான் சுவரில் ஏறுகிறது என்றால், பிள்ளையை யாரிடம் விடுவது, எந்த டாக்ஸி, எந்தக் கல்யாணம் என்று ஒருவராலும் திட்டமிட முடியாது. நான்கு வாரப் பட்டியலை, அது தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பே ஒட்டுங்கள். ஓய்வு நாள் கேட்டு எழுதும் வேண்டுகோள் புத்தகத்துக்கு மூடும் தேதி ஒன்று. ஆளுக்கு இரண்டு வேண்டுகோள், அதற்கு மேல் இல்லை. "முந்தி எழுதியவருக்கு" என்ற விதி வேண்டாம். புத்தகம் உங்கள் அறையில் பூட்டியிருக்கும்போது இரவு ஷிஃப்ட்காரர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, பகல் ஆட்களே எல்லா வார இறுதியையும் பிடித்துவிடுவார்கள். புத்தகம் நர்ஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும். இரண்டு பேர் ஒரே நாளைக் கேட்டால், போன முறை மறுக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. ஒட்டிய பிறகு மாற்ற வேண்டி வந்தால் அந்த ஆளின் சம்மதமும் கையெழுத்தும் இல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஒப்படைப்பு, அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்த ஆளிடம் சொல்லிக் கொடுப்பது. ஏழுக்கு ஏழு ஷிஃப்டில் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், உணவு இடைவேளையும் அதற்குள் அடக்கம். இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே தொடர்ந்து 12 மணி நேர ஓய்வு வேண்டும். மாலை 7 மணிக்கு ஒப்படைப்பைத் தொடங்கி 7:25க்கு முடிக்கிறவர் மறுநாள் காலை 7 மணிக்கு நின்றால் கணக்கு இடிக்கும். அந்த 25 நிமிடத்துக்குச் சம்பளமும் வராது, கடைசி டாக்ஸியும் போயிருக்கும். ஜூன், ஜூலையில் டர்பனில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழி உண்டு. அணியைப் பாதியாகப் பிரியுங்கள்: ஒரு பாதி 6:30 முதல் 6:30 வரை, மறு பாதி 7 முதல் 7 வரை. இரவுக்கும் அதே மாதிரி. 6:30க்கும் 7க்கும் நடுவே பழைய ஆட்களில் பாதியும் புதிய ஆட்களில் பாதியும் ஒன்றாக நிற்பார்கள். படுக்கை படுக்கையாக ஒப்படைப்பு அந்த அரை மணியில் முடிந்துவிடும். 6:30க்குப் போகிறவர்கள் தங்கள் நோயாளிகளை 6:15க்கே பக்கத்து ஆளிடம் சொல்லிவிட வேண்டும், இதை விட்டால் ஏற்பாடே கவிழும். யார் எந்தப் பாதி என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சிலருக்கு மாலை சீக்கிரம் கிளம்புவது பெரிது, சிலருக்குக் காலை ஐந்து மணி டாக்ஸி ஆகாது.

"சட்டம் வைத்த வருமான வரம்பைத் தாண்டிய சிஸ்டர்களுக்கு இந்த வேலை நேரச் சட்டப் பிரிவுகள் பொருந்தாது" என்று எச்.ஆர். சொல்லும். சொல்வது சரிதான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இன்சுலின் அளவு தவறினால் விசாரணையில் சம்பள வரம்பைக் காட்டித் தப்ப முடியாது.

விடுப்பில் ஒரு சிக்கல். குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள். பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப்பிறந்தவர், துணை ஆகியோரின் மரணத்துக்கு உண்டு. மாமா, அத்தை, பெரியம்மா பட்டியலில் இல்லை. நம் வீடுகளிலும் ஜூலு வீடுகளிலும் வளர்த்ததே பெரியம்மாதான் என்றிருப்பவர்கள் எத்தனையோ பேர். சனிக்கிழமை இறுதிச் சடங்குக்கு விடாமல் நிறுத்திவைத்த ஆளிடம் அப்புறம் ஈடுபாட்டை எதிர்பார்க்காதீர்கள். அந்த வாரத்தில் இடமாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தீபாவளியும் தைப்பூசக் காவடியும் இங்கே பொது விடுமுறை இல்லை. அதனால் கிறிஸ்துமஸில் நம்மவர்கள் நிற்பது, தீபாவளிக்கு மற்றவர்கள் நிற்பது என்று ஜனவரியிலேயே பேசி முடித்துவிடலாம். புனித வெள்ளி மட்டும் தகராறு: தேவாலயம் போகிறவர்களும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் அதே நாளைக் கேட்பார்கள். அதை வருடம் மாற்றி வருடம் சுழற்றுங்கள்.

காலை ஒப்படைப்பு முடிந்ததும் பத்து நிமிடம், நின்றபடியே, ஒரு வெள்ளைப் பலகை முன்னால் கூடுங்கள். துப்புரவு ஆளும் போர்ட்டரும் நிற்க வேண்டும். ஒரே கேள்வி: "நேற்று உங்கள் வேலைக்குக் குறுக்கே நின்றது என்ன?" பலகையில் நான்கு நெடுவரிசை: தேதி, விஷயம், யார் கையில், பதில் எந்த நாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கிழிந்திருக்கிறது, படுக்கை விரிப்பு பத்து மணிக்குத்தான் வருகிறது, இப்படித்தான் வரும். பலகையில் ஆறு விஷயத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். பதிலே எழுதாமல் இரண்டு வாரம் கிடந்தால் அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொன்று: அந்தப் பத்து நிமிடத்தில் நம்மூர் ஆட்களோடு மட்டும் ஓரமாகக் குசுகுசுக்காதீர்கள். மற்றவர்கள் கவனிப்பார்கள்.

அளக்க வேண்டுமென்றால் உட்ரெக்ட் வேலை ஈடுபாட்டு அளவுகோலின் 9 கேள்வி வடிவம் போதும், 0 முதல் 6 வரை மதிப்பெண். அதில் "காலையில் எழுந்ததும் வேலைக்குப் போகத் தோன்றுகிறது" என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு. இரவு ஷிஃப்ட்காரர் மாலையில்தான் எழுகிறார், "காலை" என்பதைத் தான் எழும் நேரம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். பதவி, பாலினம், சேவை ஆண்டு மூன்றையும் கேட்டால் வார்டின் ஒரே ஆண் உதவி நர்ஸ் யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், அப்புறம் என்ன ரகசியம்? பகல், இரவு என்று மட்டும் பிரியுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள்.

ஓய்வு நாளில் ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேறு இடத்தில் ஷிஃப்ட் போகிறார்களே என்று நிர்வாகத்தினர் பொருமுவார்கள். சம்பளம் போதவில்லை என்பதால் போகிறார்கள், அதை வார்டு மேலாளர் சரிசெய்ய முடியாது. ஆனால் அதே ஓய்வு நாளை இலவசமாக வாங்கிக்கொள்ளும் நம் கோயில் கமிட்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பந்தலுக்குப் பணம், மேளத்துக்குப் பணம், ஒலிபெருக்கிக்குப் பணம். இலவச மருத்துவ முகாமில் நாள் முழுக்க ரத்த அழுத்தம் பார்க்கும் சிஸ்டருக்கு ஒரு பொட்டலம் காய்கறிப் பிரியாணி. சேவை என்று பெயர். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று கமெண்டில் வருவார்கள், வரட்டும்.

கடைசியாக, இதில் எதையும் தொடங்குமுன் டெனோசா அல்லது நெஹாவு தொழிற்சங்கப் பிரதிநிதியைக் கூப்பிட்டு ஷிஃப்ட் நேரப் பிரிப்பைத் தாளில் காட்டுங்கள். 12 மணி நேர ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் நேரத்தை மாற்றினால் அந்தத் தாளும் மாற வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த மாதமே குறைதீர்ப்பு மனு உங்கள் மேசைக்கு வரும்.