கையுறை மாட்டாதவனின் அலுமாரி

சென்ற இதழில், என் வீட்டு அலுமாரியில் 41 குத்துச்சண்டைப் புத்தகங்கள் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. உரம் பற்றியும் காணி உறுதி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாங்குளம் வாசகர்: யாரோ ஒருவன் அடி வாங்கும் கதை உங்களுக்கு எதற்கு ஐயா? நீங்கள் ஒருநாளாவது கையுறை மாட்டியிருக்கிறீர்களா?

ஒரேயொரு நாள் மாட்டினேன். மூக்கில் ஒன்று விழுந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வியாதி அதற்கு முன்பே தொற்றியிருந்தது. 1974 ஒக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலியும் ஜோர்ஜ் ஃபோர்மனும் மோதினார்கள். அங்கே விடியற்காலை நான்கு மணி என்றால் நமக்குக் காலை எட்டரை. எங்கள் வயலில் காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினொரு வயது. நாட்டுக்குத் தொலைக்காட்சி வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. உருத்திரபுரத்துத் தேநீர்க் கடையில் அப்பா பத்திரிகையை உரக்க வாசித்தார். எட்டாம் சுற்றில் ஃபோர்மன் விழுந்துவிட்டார் என்றிருந்தது. அதுவரை கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கிய அலி கடைசியில் எப்படி வென்றார் என்பது கடையில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. "அடிச்சவன்தான் களைச்சுப்போனான் போல" என்றார் வடை சுட்டுக்கொண்டிருந்தவர். பிற்பாடு நான் வாசித்த தடித்த புத்தகங்களெல்லாம் அதையேதான் விரித்துச் சொல்கின்றன.

உயர்தர மாணவி, விசுவமடு: எதிலிருந்து தொடங்கலாம்? எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும்.

பிள்ளை, தடித்த புத்தகங்களைத் தள்ளி வையுங்கள். ஜாக் லண்டன் 1909 இல் எழுதிய 'எ பீஸ் ஒஃப் ஸ்டேக்' என்ற சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். டொம் கிங் என்ற வயது போன குத்துச்சண்டைக்காரர் அன்றிரவு சண்டைக்குப் போகவேண்டும். இறைச்சிக் கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மாவில் காய்ச்சிய குழம்பைப் பாணால் துடைத்துச் சாப்பிடுகிறார். மனைவி சாப்பிடவில்லை, பிள்ளைகளைப் பசியோடு படுக்கப் போட்டாயிற்று. வண்டிக்குக் காசில்லாமல் இரண்டு மைல் நடந்தே போகிறார். கடன் கொப்பியைக் கடைக்காரர் மூடி வைத்தால் வீட்டில் எப்படி இருக்கும் என்று வன்னிப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அகராதி பார்க்காமலே பாதிக் கதை விளங்கிவிடும்.

அடுத்த படி, ஏ. ஜே. லீப்ளிங்கின் 1956 ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுப்பு, 'த ஸ்வீட் சயன்ஸ்'. கிண்டல் அதிகம், ஆங்கிலமும் கடினம்; இரண்டு வருடம் கழித்து எடுக்கலாம். கின்ஷாசாச் சண்டை பற்றி நோர்மன் மெய்லர் 1975 இல் எழுதியது பெரிய பெயர் பெற்ற புத்தகம். ஆனால் மனிதர் தன்னையே 'நோர்மன்' என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கிறார். அலிக்கும் ஃபோர்மனுக்கும் நடுவில் இவர் எதற்கு என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

வவுனியா வாசகர்: மருதானையில் பழைய புத்தகக் கடையில் அலியின் சுயசரிதை கிடைத்தது. 1975 என்று இருக்கிறது. முதற்பதிப்புத்தானா?

1975 என்று இருப்பது போதாது. 'த கிரேட்டஸ்ட்' அமெரிக்காவில் ராண்டம் ஹவுஸ் வெளியிட்ட நூல். பதிப்புரிமைப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்று ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். அதோடு உள்ள எண் வரிசையில் மிகச் சிறிய எண் 2 ஆக இருக்கவேண்டும். 1 இல்லையே என்று பயப்படாதீர்கள், அந்தக் காலத்தில் அந்தப் பதிப்பகத்தின் வழக்கம் அது. மேலட்டையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மெல்லிய அட்டைப் பதிப்பென்றால் விலையை மறந்துவிட்டு வாசியுங்கள்.

வாசிக்கும்போது ஒரு கண் விழிப்பாக இருக்கட்டும். 1960 இல் ரோமில் வென்ற தங்கப் பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் வீசியதாக அதில் வருகிறது. அது வெறுமனே தொலைந்துபோனது என்று பிற்காலத்தில் அவருக்கு நெருக்கமானவர்களே சொன்னார்கள். அந்த நூலைப் பதிப்பகத்தில் செம்மைப்படுத்தியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டொனி மொரிசன். ஆற்றங்கரைக் காட்சி அவ்வளவு அழகாக வாய்த்ததில் அவருடைய கை உண்டோ என்று எனக்கொரு சந்தேகம்.

முள்ளியவளை வாசகி: கறையானும் மாரி ஈரமும் புத்தகங்களைத் தின்கின்றன. என்ன செய்கிறீர்கள்?

அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. நான்கு கால்களும் கழிவு எண்ணெய் ஊற்றிய மீன் டின்களுக்குள். தட்டுகளில் வசம்புத் துண்டுகள். ஏடு காத்த முன்னோர் சொத்து. கார்த்திகை, மார்கழியில் வெயில் எறித்தால் கதவைத் திறந்து காற்றாட விடுவேன். நேர் வெயிலில் காய வைத்தால் தாள் மொறுமொறுத்துவிடும். பூச்சி ஏற்கெனவே புகுந்துவிட்டால் இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, கடும் குளிரில் இரண்டு கிழமை வைக்கவேண்டும். என் வீட்டில் அதற்கு வசதியில்லை. சந்திக் கடையின் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒரு புத்தகம் பதினாறு நாள் கிடந்தது. பல்லி விழுந்த கதையைப் போல ஊரெல்லாம் அதே பேச்சு.

ஒரு தாய், முரசுமோட்டை: இவற்றை வாசித்துவிட்டு மகள் தானும் குத்துச்சண்டை பழகப்போகிறேன் என்கிறாள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களுக்கும் குத்துச்சண்டை உண்டு, ஆகவே ஆசை தவறில்லை. ஆனால் தலையில் தொடர்ந்து வாங்கும் அடி மூளையைக் கெடுக்கும் என்று 1928 இலேயே மருத்துவர் ஒருவர் எழுதிவிட்டார். அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டது 1984 இல், 42 வயதில். தோமஸ் ஹவ்சர் 1991 இல் எழுதிய அலியின் வரலாறு அதை மறைக்கவில்லை. அதை மகளோடு சேர்ந்து நீங்களும் வாசியுங்கள், அம்மா. பிறகு தீர்மானிக்கலாம்.

பரந்தன் வாசகர்: இரவல் தருவீர்களா?

ஒன்றைத் தவிர எல்லாம் தருவேன். 2008 இல் போரால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது என்னிடம் இருந்தவை 23. உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் அம்மிக்கும் இடையில் மூன்றுக்குத்தான் இடம் கிடைத்தது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர நகர இரண்டு போய்விட்டன. செட்டிகுளம் முகாமுக்குள் வந்தது அலி பற்றிய ஒன்று மட்டும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாசித்தார்கள், தெரியாதவர்கள் நடுவில் இருந்த படங்களைப் பார்த்தார்கள். பல கூடாரங்கள் சுற்றித் திரும்பி வந்தபோது படத்தாள் ஒன்று இல்லை. கிழித்த அடையாளமும் தெரியவில்லை, சவர அலகு வைத்துத் தையலை ஒட்டி அவ்வளவு நேராக வெட்டியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பிறகொருநாள் தறப்பாள் கூடாரமொன்றின் உள்பக்கத்தில், ஒரு சிறுவன் படுக்கும் இடத்துக்கு மேலே, அந்தத் தாள் குத்தியிருந்ததைக் கண்டேன்.

அந்தப் புத்தகம் அலுமாரியிலேயே இருக்கும். மற்ற 40 இல் எது வேண்டுமோ வந்து எடுங்கள். காலையில் வாருங்கள், மாலையில் தோட்டத்தில் நிற்பேன்.